முதல் வடி

பதிவு 19. செவ்வாய், 06:40. தேநீர்க்கூடம்

...அதனால்தான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள், தப்பு இந்தப் பதிவுப் பொறியுடையது, என்னுடையதில்லை. நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இது நின்றுபோயிருக்கிறது. நானும் தெரியாமல் சுவரோடு பேசியிருக்கிறேன். விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். நீங்கள் யாரோ, எந்த ஊரோ, எப்போது கேட்கிறீர்களோ, நன்றாக இருங்கள்.

நான் பேசுவதை இந்தப் பொறி புத்தகத் தமிழாக மாற்றி எழுதிக்கொள்ளும். பேசுபெட்டியிலோ வானலையிலோ நடக்கிற பேச்சை மட்டும் அவரவர் வாய்ப்படியே வைக்கும். டாக்டர் அப்படி அமைத்துக் கொடுத்திருக்கிறார்.

என் பெயர் சந்தனக்கனி. எல்லோருக்கும் அத்தை. முள்ளக்காட்டுப் பள்ளியில் எட்டாவது வரை படித்தேன். இது சீரிஸ் என்கிற குறுங்கோள். நிலத்துக்கு அடியில் உப்பு வெட்டுகிற நிலையம். நாங்கள் இதை அளம் என்றே சொல்கிறோம், வந்தவர்கள் பாதிக்குமேல் தூத்துக்குடி உப்பளத்து ஆட்கள். இங்கே எடையே கிடையாது என்கிற மாதிரிதான். தண்ணீரைச் சாய்த்தால் அது யோசித்து யோசித்து இறங்கும்.

காற்றிலும் உப்பு, குடிக்கிற தண்ணீரிலும் உப்பு. நடையில்லை. பொட்டலச் சாப்பாடு. எல்லோருக்கும் வயிறு தள்ளிவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது, ரத்தத்தில் கொழுப்பு, அதோடு கொதிப்பு. நாலும் கைகோத்து வருகிற நோய் இது என்று டாக்டர் தேவாசீர் சொல்வார். ஒன்றைத் துரத்தினால் மற்ற மூன்றும் அதைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுமாம். அதற்குத்தான் இந்தத் தேயிலைச் சோதனை.

விளக்கறையில் தேயிலைச் செடி வளர்கிறது. இலையை ஊறவைத்த கண்ணாடித் தொட்டியில் பாலாடை மாதிரி ஒன்று மிதக்கும். உயிருள்ளது. அதுதான் இலைத் தண்ணீரைச் சாறாக்குகிறது. வடித்ததும் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சிவப்புப் பட்டை போட்ட பீப்பாயில் ஊற்ற வேண்டும். நீலப் பட்டைப் பீப்பாயில் நிறமும் மணமும் கலந்த வெறும் தண்ணீர். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குச் சிவப்பு, பாதிப் பேருக்கு நீலம். எதில் என்ன இருக்கிறது என்று டாக்டருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

இன்றைய அளவு: சிவப்புக்காரர்களுக்குக் கொதிப்பு நன்றாக இறங்கியிருக்கிறது. நூற்றைம்பதில் இருந்தவர்கள் நூற்று முப்பதுக்கு வந்துவிட்டார்கள். நீலக்காரர்களுக்குக் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

பூசை முடிந்தது. வடித்தவுடன், அடுப்பில் ஏற்றுமுன், மனிதக் கண்ணும் கருவியும் படுமுன், முதல் வடியில் ஒரு தம்ளர் செந்தூரான் படத்துக்கு முன்னால் வைப்பேன். படைத்ததைத் திரும்பப் பெரிய பாத்திரத்தில் கலந்தால் மொத்தமும் பிரசாதம், எங்கள் வீட்டில் பொங்கலோ பாயசமோ அப்படித்தான். ஆறிய சிவப்பில் பாதித் தம்ளர், நீலத்தில் பாதித் தம்ளர். நீலக்காரர்கள் பாவம், வெறும் தண்ணீர் குடிக்கிறார்கள். சாமியாவது அவர்களுக்குப் பங்கு வைக்கட்டும்.

நான் குடிப்பதில்லை. கண்ணில் ஒற்றிக்கொள்வதோடு சரி. என் அண்ணன் கொதிப்பு மண்டைக்கேறி உப்பளத்து வரப்பிலேயே விழுந்து செத்தார். அவர் மகள் சுயம்புலட்சுமியைத் தூக்கி வளர்த்தவள் நான். அவளுக்கும் அப்பன் வழிக் கொதிப்பு உண்டு. அவள் இந்த வான ஓட்டமெல்லாம் போதும் என்று ஊர் மண்ணை மிதிக்கிறவரை தேயிலையை நாக்கில் வைப்பதில்லை என்று நேர்ந்திருக்கிறேன்.

சுயம்பு உப்பு ஏற்றுகிற கப்பலில் சுக்கான் பிடிக்கிறாள். அதையும் நாங்கள் தோணி என்றே சொல்வோம். போன வாரம்தான் பக்கத்துக் கோள்களுக்குப் புறப்பட்டாள். திரும்ப இங்கே வந்து, பிறகு ஊருக்கு. பை நிறையக் கட்டிக் கொடுத்தேன். கருப்பட்டி, முறுக்கு, திருநீறு, அண்ணன் எனக்கு எடுத்துக் கொடுத்த சேலை. பயணம் போகிறவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் கொடுப்பது. நாலு என்று கொடுத்திருக்க மாட்டேன். ஏதோ ஒன்று நினைவில் தட்டவில்லை. போகட்டும், பீப்பாயைத் திறக்க மணியாகிவிட்டது.


பதிவு 20. வியாழன், 13:15. தேநீர்க்கூடம்

நீலக்காரர்களுக்குக் கொதிப்பு தாறுமாறாக ஏறுகிறது. கொம்பையாவுக்கு இருநூறைத் தொடுகிறது. கண்வெள்ளை செம்பருத்தி மாதிரி. மூக்கில் ரத்தம், இந்தக் கோளில் ரத்தம் உடனே விழாது, மூக்குத்தி போல நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

கொம்பையா இங்கே மேஸ்திரி. ஊரில் எங்கள் தெருக்காரர். உப்பு வெட்டும்போது நையாண்டிப் பாட்டுப் பாடி எல்லோரையும் சிரிக்கவைக்கிற ஆள். இன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் மச்சாதின் சிவப்புக் குவளையைப் பிடுங்கினார். மச்சாது குழாய் பார்க்கிறவர், வாய்த்துடுக்கு. மேஸ்திரி வேலைதான் பிடுங்கினீர், குடிக்கிற தண்ணியையுமா என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். கொம்பையாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உப்பு இழுக்கும் பலகையை எடுத்து மச்சாதின் வாயில் அடித்தார்.

மூன்று பல் பறந்தது. உண்மையாகவே பறந்தது, விளக்குவரை போய் மெதுவாக இறங்கியது. விழுந்தவரை விடவில்லை. தாடை கழன்று தொங்குகிறவரை அடித்தார். நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை, ஒருவர் விரலைக் கடித்துத் துப்பினார். அப்புறம் குவளையில் மிச்சமிருந்ததை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

சற்று நேரத்தில் தணிந்துவிட்டார். மச்சாதின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, யாருய்யா இப்படிச் செய்தது என்று எங்களைக் கேட்டு அழுதார். அதைப் பார்த்ததும் தேநீர்க்கூடத்துக்கு ஓடிவந்துவிட்டேன். அடித்தபோதுகூட ஓடவில்லை.

கந்த சஷ்டிக் கவசம் சொல்லிவிட்டு இதைப் பேசுகிறேன்.


பதிவு 21. வெள்ளி, 10:05. தேநீர்க்கூடம்

பேசுபெட்டி, மருத்துவ அறையிலிருந்து. டாக்டர் தேவாசீர்.

"அத்த, இருக்கியளா? நீலப் பீப்பாயில உயிர் இருக்கு. சாறு தொட்டியில மெதக்குற அதே ஆடை. நீலத்துல எதையும் கலந்தியளா?"

"நான் என்னத்தக் கலக்கப்போறேன் டாக்டரே. பிரசாதம் மட்டுந்தான் விடுவேன்."

"என்ன பிரசாதம்?"

"சாமிக்கு வச்ச தம்ளரு. ஆளுக்குப் பாதி, செகப்புக்கும் நீலத்துக்கும்."

"காய்ச்சினதா, காய்ச்சாததா அத்த?"

"காய்ச்சினதயா சாமிக்கு வைப்பாவ? முதல் வடி."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னார். காய்ச்சின சாறு வெறும் மருந்து. காய்ச்சாததில் அந்த உயிர் இருக்கிறது. குடித்தவர் குடலில் அது ஒட்டிக்கொள்ளும். தேயிலை கிடைக்கிறவரை அது நல்ல பிள்ளை, சாறு சுரக்கும், கொதிப்பை இறக்கும். தேயிலை கிடைக்காவிட்டால் பசியில் வேறொன்றைச் சுரக்கும். அது ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிழியும். மூளை அடுப்பில் வைத்த மாதிரி ஆகிவிடும். சிவப்புக்காரர்களுக்குத் தேயிலை தினம் போகிறது, அமைதியாக இருக்கிறார்கள். நீலக்காரர்களுக்கு உயிரைக் கொடுத்துவிட்டு இரையைக் கொடுக்கவில்லை.

ஒரு கரண்டி உறைமோர் ஒரு பானைப் பாலையும் தயிராக்கும் என்று ஐந்து வயதில் தெரிந்துகொண்டவள் நான். முருகா.

இனி எல்லோருக்கும் காய்ச்சின சாறு, ஒரே அளவு. செடியில் இருக்கிற இலை இழுத்துப் பிடித்தால் போதும். அந்த உயிரைக் கொல்கிற மருந்து தோணியில் இருக்கிறது. தோணியை உடனே திரும்பச் சொல்லியாயிற்று. சுயம்பு வருகிறாள். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்று படத்துக்கு வெறும் தண்ணீர் வைத்தேன்.


பதிவு 22. ஞாயிறு, 09:30. தேநீர்க்கூடம்

தேயிலை போய்விட்டது.

சிவப்புக்காரர்களுக்கு அளவு பாதியானது. அவர்களுக்கும் பசி எடுக்க ஆரம்பித்தது. எங்கள் பங்கை நீலக்காரனுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொம்பையா ஆட்களைத் திரட்டிக்கொண்டு விளக்கறைக்குள் புகுந்துவிட்டார். பச்சை இலையை அப்படியே உருவி வாயில் அடைத்து மென்றார்கள், ஆடு மாதிரி. வாயெல்லாம் பச்சை நுரை.

மச்சாது தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு இரும்புக் கம்பியோடு வந்தார். கொம்பையாவின் பிடரியைக் குறிவைத்து வீசினார். கொம்பையா குனிந்தார். கம்பி உப்புநீர்க் குழாயில் பட்டது. குழாய் பிளந்து உப்புநீர் பீறிட்டுத் தேயிலைப் பாத்திகள் முழுக்க நிறைந்தது. அவர்கள் முழங்கால் உப்புநீரில் நின்றுகொண்டு வெட்டிக்கொண்டார்கள். தண்ணீர் சிவந்தது. மச்சாதைக் கழுத்தைப் பிடித்து அந்த உப்புநீரிலேயே அழுத்தினார் கொம்பையா. கை கால் உதறல் நின்ற பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தார், துணி துவைக்கிற மாதிரி தூக்கித் தூக்கி.

தேயிலைக்கு உப்பு ஆகாது. என் கண்ணெதிரே இலைகள் சுருண்டன.

நான் தேநீர்க்கூடத்துக்குள் ஓடிவந்து இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டேன். உள்ளே பாய்லர் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சாமி இருக்கிறார். ஒரு சிட்டிகை உலர்ந்த தேயிலை இருக்கிறது. நேர்ச்சை முடிகிற அன்று போட்டுக் குடிக்கலாம் என்று முன்பே முடிந்து வைத்தது. அதை யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கதவைப் பல்லால் கடித்தே திறந்துவிடுவார்கள்.


பதிவு 23. திங்கள், 11:50. தேநீர்க்கூடம்

கதவில் கையகலக் கண்ணாடி இருக்கிறது. பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன், பார்க்கிறேன்.

பாறை துளைக்கிற கருவியை ஒருவர் வயிற்றில் வைத்து இன்னொருவர் அழுத்துகிறார். இரண்டு பேரும் அண்ணன் தம்பி. நடைபாதை முழுக்க ரத்தத் துளிகள் மிதக்கின்றன. நாவல் பழம் மாதிரி உருண்டை உருண்டையாக. யாராவது ஓடினால் அவர்கள் முகத்தில் பட்டு உடைகின்றன. சிலர் அடிபடாமலேயே சாகிறார்கள். நின்றுகொண்டே இருக்கிறார்கள், காதிலிருந்து ரத்தம் வருகிறது, அப்படியே மெதுவாகச் சாய்கிறார்கள். அண்ணனும் இப்படித்தான் சாய்ந்தார்.

பேசுபெட்டி. டாக்டர்.

"அத்த, கவனமாக் கேளுங்க. நேரமில்ல. தோணிய சேரவிடாதிய."

"மருந்து வருதுன்னியளே டாக்டரே."

"மருந்து வந்து என்ன. வாசல் தொறந்த நிமிசம் தோணிக்காரங்களக் கொன்னுபோட்டு உள்ள இருக்க தேயிலைக்குப் பாய்வாங்க. அப்பறம் தோணியிலேயே ஊருக்குப் போவாங்க. ஒரு வாய் எச்சி போதும் அத்த, ஒட்டிக்கும். ஊருல பாதிப் பேருக்கு இதே வயிறு, இதே சக்கரை, இதே கொதிப்பு. தேயில குடிக்காத வீடு எது? ஒரு நாளு கடையில தேயில இல்லன்னா என்னாகும்னு யோசிங்க."

"நீங்க கதவப் பூட்டிக்கிட்டியளா?"

"பூட்டிட்டேன். வெளிய இருக்கவனுக்காக இல்ல. சீட்டுக் குலுக்குனப்ப எனக்கும் நீலந்தான் அத்த விழுந்துச்சு."

பிறகு குரல் மாறியது. என் தாயை, என் சாமியை, என் குலத்தை இழுத்து அவர் பேசியதை இந்தப் பொறி வாய்ப்படியே வைத்திருக்கும். அதைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போகிற பிள்ளை அவர். அது அவர் பேச்சில்லை. நடுவில் ஒருமுறை, மன்னிச்சுக்கோங்க அத்த என்றார். பிறகு இரும்பில் தேங்காய் உடைக்கிற மாதிரி சத்தம். மறுபடி. மறுபடி. அவராக நிறுத்தவில்லை, அதுவாக நின்றது.


பதிவு 24. புதன், 15:20

தோணி வந்துவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்ல முயற்சி செய்கிறேன்.

வானலைப் பெட்டி இங்கே என்னிடமும் உண்டு, மேலே கட்டுப்பாட்டறையிலும் உண்டு. சுயம்பு கூப்பிட்டதும் நான் வாய் திறக்குமுன் கொம்பையாவின் குரல். சாப்பாட்டுக் கூடத்துக் குப்பையில் கிடந்த பழைய தேயிலைத் தூளைத் தின்றிருப்பார் போல. குரலில் தேன்.

"வா தாயி. நாந்தான் கொம்பையா மாமா. இங்க எல்லாருக்கும் மேலுக்கு முடியல. ஒங்க அத்தயும் படுத்துட்டா. சீக்கிரம் வந்து சேரு."

"அத்தைக்கு என்ன மாமா?"

"ஒன்னும் இல்ல, நீ வந்தாச் சரியாப்போவும். தோணியில தேயில இருக்கா மக்கா? அத்த கேட்டா."

நான் குறுக்கே விழுந்தேன்.

"சுயம்பு, நான் படுக்கல. நல்லாத்தான் இருக்கேன். நான் தேயில கேக்கமாட்டேன், என் நேர்ச்ச ஒனக்குத் தெரியும். தோணிய திருப்பு."

"மதினிக்குப் புத்தி கலங்கிட்டு தாயி. அவ பேச்சக் கேக்காத."

சுயம்பு சீறினாள். என்னிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுதியளா? எனக்கு மண்ட வெடிக்கு. அங்க இருந்து இங்க வாறதுக்குள்ள தண்டலோட ஒரே சண்ட. அந்தாளு வேகத்தக் கூட்ட மாட்டேன்னான், தள்ளிவிட்டுட்டு நானே ஓட்டிட்டு வாரேன். ஒங்கள விட்டுட்டு எங்க போவச் சொல்லுதிய? நான் சேரப்போறேன்."

தண்டல் என்றால் தோணியின் தலைவர். அவரையே தள்ளிவிட்டிருக்கிறாள், என் மேல் உள்ள பாசத்தில். பிள்ளை பயத்தில் கத்துகிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் தோணி கொக்கியைத் தொடுகிற அதிர்வு சுவரில் தெரிந்தது. கொம்பையா ஆட்களோடு வாசலுக்கு ஓடுகிற சத்தமும் கேட்டது. தோணியை இழுத்துப் பூட்டுகிற கொக்கிச் சக்கரம் என் கதவுக்கு எதிரேதான் இருக்கிறது.

நான் கோழி அறுத்ததில்லை. கோவில் கொடைக்குக் கிடா வெட்டும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பாய்லர் மூடியைத் திறந்தேன். கதவைத் திறந்தேன். கொதிக்கிற தண்ணீரை மொத்தமாக இழுத்து வீசினேன். இங்கே தண்ணீர் சிதறாது. போர்வை மாதிரி விரிந்து, மூன்று பேர் மேல் போய்ப் போர்த்திக்கொண்டது. ஒட்டிக்கொண்டது, வழியவில்லை. அவர்கள் கையால் உரித்து எறியப் பார்த்தார்கள், தோல்தான் உரிந்து வந்தது. கொம்பையா கண் வெந்தும் சக்கரத்தை விடவில்லை. மதினி, ஒரு வாய், ஒரு வாய் தேயிலை என்றுதான் கெஞ்சினார். ஒருமுறைகூட என்னைத் திட்டவில்லை.

தேயிலை இடிக்கிற இரும்பு உலக்கை என் கையில் இருந்தது. முதல் அடி சக்கரத்தில். அது வளைந்தது, முறியவில்லை. அவர் கை அதில் இருந்தது. அடுத்த அடிகள் கையிலும் விழுந்தன. அப்புறம் தலையில். எத்தனை என்று கேட்காதீர்கள். அவர் ஊரில் என் அண்ணனின் சவத்துக்கு முதல் தோள் கொடுத்தவர். அடிக்கும்போது நான் கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன், காக்க காக்க என்று, யாரை என்று தெரியவில்லை.

சக்கரம் முறிந்தது. கொக்கி பாதியில் நின்றது.

திரும்ப ஓடிவந்து வானலையை எடுத்தேன்.

"சுயம்பு, கேளு. ஒங்கப்பா மேல ஆண. நான் மேஸ்திரியக் கொன்னுட்டேன். ஆமா, நாந்தான். என் சேலையெல்லாம் அவரு ரத்தம். இப்பச் சொல்லு, நான் வெளயாட்டுக்குச் சொல்லுதேனா? நீ இங்ஙன கால வச்சா, நான் இந்த உலக்கையாலேயே என் மண்டய ஒடச்சுக்குவேன். ஒனக்குப் பொணந்தான் கெடைக்கும். ஊருக்குப் போ."

"அத்த..."

"போ தாயி."

"போறேன். நேரா ஊருக்குத்தான் போறேன். இனிமே வான ஓட்டமே வேண்டாம். அத்த, நீங்க குடுத்துவிட்டத எல்லாத்தையும் தோணியில எல்லாருக்கும் பங்கு வச்சுட்டேன். நாப்பது பேரும் ஒங்க பேரச் சொல்லித் தின்னாங்க. எனக்குன்னு சேல மட்டும் வச்சிருக்கேன்."

"சேல போதும். உடுத்திக்கிட்டு எறங்கு."

தோணி பிடுங்கிக்கொண்டு போனது. கொக்கியோடு வானலைக் கம்பமும் பிய்ந்து போய்விட்டது. இனி யாரும் என்னைக் கேட்க முடியாது. பொறி மட்டும் கேட்கிறது. நீங்களும்.


பதிவு 25. வியாழன், 08:10

கொக்கி பிய்ந்த இடத்தில் கசிகிறது போல, காற்று குறைகிறது. உதட்டில் உப்பு. வெளியே இன்னும் இரண்டோ மூன்றோ பேர் இருக்கிறார்கள். கதவில் தலையால் முட்டுகிறார்கள். கையால் தட்டினால் ஒரு மாதிரி, இது வேறு மாதிரி. முட்டுவது சின்னதாகிக்கொண்டே வருகிறது.

ஆனாலும் சொல்கிறேன், மனசு நிறைந்துதான் இருக்கிறது. பிள்ளை தப்பிவிட்டாள். இங்கே உள்ளது இங்கேயே அடைபட்டு எங்களோடு போகும். ஒன்றும் வெளியே போகவில்லை. டாக்டர் சொன்ன வேலையை முடித்துவிட்டேன், அவர் ஆத்மா அமைதியடையட்டும். ஏசு சாமியும் கேட்கட்டும், அவர் பிள்ளைதானே.

நேர்ச்சையும் முடியப்போகிறது. அவள் ஊர் மண்ணை மிதிப்பாள். அன்றுவரை நான் இருக்க மாட்டேன். அதனால் சாமியிடம் முன்கூட்டியே உத்தரவு கேட்டேன். படத்திலிருந்து பூ விழுந்தது. இந்தக் கோளில் பூ விழ எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா, இருந்தும் விழுந்தது. அந்தச் சிட்டிகைத் தேயிலையைப் போட்டுக் காய்ச்சியிருக்கிறேன். நன்றாகக் கொதிக்கவிட்டேன்.

மணம் வருகிறது. எத்தனை வருசம்.

முட்டுவது மறுபடி பலமாகிறது. மணம் வெளியே போய்விட்டது போல. பயமில்லை. பயம் வராமலிருக்க எதையாவது எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவள் வீட்டு வாசலில் இறங்குவதை. பையைப் பிரிப்பதை. கருப்பட்டி. முறுக்கு. திருநீறு. சேலை. மறுபடி நாலுதான் வருகிறது. ஒற்றைப்படையில்தான் கொடுத்தேன், எனக்கு நிச்சயம் தெரியும். கருப்பட்டி அடியில். அதன்மேல் முறுக்கு டப்பா. சேலையை மடித்து ஓரத்தில் செருகினேன், நடுவில் குழியாக இடம் விட்டு, எதற்கு விட்டேன், ஆடாமல் நிற்கட்டும் என்று, எது ஆடாமல் நிற்க

அப்பன் வழிக் கொதிப்பு உண்டே பிள்ளைக்கு என்று

சின்னச் செம்பு. வாயை மாவு வைத்து அடைத்தேன். எல்லோருக்கும் ஒரு சொட்டு கொடு தாயி, பிரசாதம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். முதல் வடி.